லோரியில்தான் வரவேண்டும் என்று சொன்னவனுக்கு

சுந்தரத்துக்கு,

நீ எழுதிக் கொடுத்தனுப்பிய கடிதம் நேற்றுக் காலை, கடையில் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நலமா என்று கேட்டுத்தான் பதிலைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கவில்லை. காப்பார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துகொண்டு, பெரிய கிராணியின் மகளைக் கட்டப்போகிறவனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? படித்ததும் கிழித்துப் போட்டுவிடு என்று அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறாய். கிழிக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். கொண்டுவருகிறவர் படிக்கட்டும், உன் மாமனார் படிக்கட்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டுவேன். மறைத்துப் பேசும்படியான காரியம் எதுவும் நான் செய்யவில்லை.

நீ கேட்டிருப்பதை நேரான பேச்சில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், என்ன எழுதினாய் என்று உனக்கே புரியட்டும். என் வீட்டில் தங்கியிருக்கும் பாக்கியத்தை நான் சமாதானப்படுத்தி அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிட வேண்டும். டிக்கெட்டைத் தோட்டம் எடுத்துக் கொடுக்கும், வழிச்செலவுக்கும் ஏதோ கொடுக்கும். பதிலுக்கு அவள் கிள்ளான் லேபர் ஆபீஸில் போட்டிருக்கும் நஷ்டஈட்டு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தால் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், நீ தர்மசங்கடத்தில் மாட்டிக்கொள்வாய், தை மாதக் கல்யாணம் நின்றுபோகும். இவ்வளவுதான். அவள் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது இருக்குமா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால் சாப்பிடுகிறாள், அதுவும் நான் அந்தப் பக்கம் போன பிறகுதான் தட்டைத் தொடுகிறாள். கத்தி பிடிக்க முடியாத பால்வெட்டுக்காரிக்கு எந்தத் தோட்டத்தில் வேலை கொடுப்பார்கள் என்று உன் மாமனாரைக் கேட்டு எழுது.

பாக்கியம் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அவளை 'மேற்படி கூலி' என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ தோட்டத்துக்குப் போன புதிதில் உலை வைக்கத் தெரியாமல் அரிசியைக் கருக்கித் தின்றுகொண்டிருந்தாய். அவள் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் தன் அடுப்பிலிருந்து உனக்குச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆள் அனுப்பி எனக்குச் சொன்னவள் அவள்தான். நான் வந்து சேரும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அப்போது அவளை நீ அக்கா என்று கூப்பிட்டாய். வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும் வந்த பிறகு 'ஏய் பாக்கியம்' ஆனாள். இப்போது மேற்படி கூலி. இன்னும் கொஞ்சம் உத்தியோகம் உயர்ந்தால் என்னை என்ன எழுதுவாயோ தெரியவில்லை.

அன்று காலை நடந்ததை உங்கள் ஆபீஸ் பலவிதமாகச் சொல்கிறது. நடந்தது ஒரே விதமாகத்தான் நடந்தது. மேரு பக்கத்தில் புதிதாகப் பால்வெட்டுக்கு வந்த ரப்பர்க் காட்டுக்கு லயத்திலிருந்து ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடியாத இருட்டு. ஆணும் பெண்ணுமாக வாளியும் கையுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் இருக்கும் மரப்பாலத்தில் ஒரு பலகை மக்கிப்போயிருந்தது. அதைப் பற்றி ஆட்கள் முறையிட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பலகை முறிந்து, லோரி கால்வாய்ப் பக்கம் சாய்ந்து, நின்றவர்கள் எல்லாம் கொட்டிய நெல்லாகச் சரிந்தார்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பாக்கியத்தின் கை லோரியின் பக்கப் பலகைக்கும் பாலத்துக் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தார்கள். மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா, உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், அவளை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் மேருக் காட்டில் நடக்கும் பெரட்டுக்கு ஓடினார்கள்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் இருக்காதவர்களுக்குத் தெரியாது. விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கிராணி பேர் கூப்பிடுவார். கூப்பிடும்போது குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஒரு மனுஷி ரத்தம் கொட்டிக்கொண்டு கிடக்கிறாள், இவர்களுக்குப் பேர் போய்விடுமே என்று பயம். அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தப் பயந்தாங்கொள்ளிக் கூட்டத்துக்கும் ஈரம் இருந்தது. ஒருத்தன் தாமதமாக வந்தால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்காகக் குரல் கொடுப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். கிராணிகள் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார்கள், தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குக் கோழி வரும். அன்று நீ பாக்கியம் என்று கூப்பிட்டபோது அவளுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டும் அஞ்சலை "இருக்கேங்க" என்று சொன்னாள். கை போனவளுக்கு அன்றைய கூலியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள், பாவம். அது அஞ்சலை குரல் என்று உனக்குத் தெரியும். லோரி கவிழ்ந்த செய்தியும் அதற்குள் உன் காதுக்கு வந்துவிட்டது. இருந்தும் நீ ஆள் வந்ததாகப் பேர் போட்டாய். அதுவரை உன்னைக் குறை சொல்லமாட்டேன். இரக்கப்பட்டுச் செய்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்த இரக்கத்தை வைத்தே அவள் கழுத்தை அறுக்க உன் மாமனாருக்குத் தோன்றியது பார், அதற்குத்தான் பெரிய கிராணி உத்தியோகம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை, வேலை செய்யாதவளுக்கு லயம் கிடையாது என்று வெளியே போகச் சொன்னீர்கள். நான் வந்துதானே அழைத்துக்கொண்டு போனேன். அன்று ஆபீஸ் வாசலில் அவர் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். நீ உள்ளே மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"சம்பந்தியம்மா, வேலை செய்யறப்ப அடிபட்டாத்தான் நஷ்டஈடு. இது வேலைக்கு வர்ற வழியில நடந்தது. பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி அவ தோட்டத்து ஆளே இல்ல."

"லோரி யாரோடதுங்க?"

"தோட்டத்தோடது."

"பாலம்?"

"அதுவும் தோட்டத்தோடதுதான்."

"ரோட்டு?"

"எல்லாம் தோட்டத்தோடதுதாம்மா."

"அப்ப கை மட்டுந்தான் அவளோடதா?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "அதோட, அன்னிக்கு அவ பெரட்டுல நின்னிருக்கா. பேர் விழுந்திருக்கு. லோரியில அடிபட்டவ எப்படி வந்து நிப்பா? அப்புறமா எங்கியோ போய்க் கையை ஒடச்சிக்கிட்டா போல லா."

ஒரே வாயில் இரண்டு பேச்சு. பேர் கூப்பிடும் முன் விழுந்தாள், அதனால் வேலையில் இல்லை. பேர் கூப்பிட்டபோது இருந்தாள், அதனால் விழவே இல்லை. இதில் எது வேண்டும் என்று லேபர் ஆபீஸ் துரை கேட்டால் எது சௌகரியமோ அதைக் கொடுப்பார்கள். மார்க்கெட்டில் அழுகின கத்தரிக்காய் விற்பவன்கூட இவ்வளவு கூசாமல் பேசமாட்டான். இந்த மனிதர் வீட்டில்தான் நீ பெண் எடுக்கப்போகிறாய். அந்தப் பெண்ணை நான் பழிக்கவில்லை. ஆபீஸை ஒட்டிய வீட்டிலிருந்து எனக்குக் காப்பி கொண்டுவந்தவள் தலையை நிமிர்த்தாமலே வைத்துவிட்டுப் போனாள், அப்பா பேசியதையெல்லாம் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் வெட்கப்படத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைத்தான் நீயும் உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். லோரி விட்டது தோட்டம் செய்த உபகாரமாம். நடக்க முடியாதவர்கள் ஏறிக்கொள்ளட்டும் என்று துரை இரங்கி விட்டாராம். இஷ்டப்பட்டவர்கள் ஏறினார்களாம். உபகாரம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. அவர் இங்கே செங்கல் சூளையில் வேலை செய்தார். சூளைக்கு மண் ஏற்றப் போகும் மாட்டு வண்டியில் சூளை முதலாளியான தவுக்கே ஆட்களையும் ஏற்றி அனுப்புவான். ஒரு நாள் அச்சு முறிந்து, வண்டி அவர் கால் மேல் கவிழ்ந்தது. அந்தக் காலத்தில் சட்டமும் இல்லை, மனுவும் இல்லை. தவுக்கே ஒரு சேவலைக் கொடுத்தனுப்பினான். உன் அப்பா கட்டைக் கோலை ஊன்றிக்கொண்டு அவன் கடை வரைக்கும் நொண்டிப் போய், நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார். "இதாவது குடுத்தானே புள்ள, குடுக்காட்டி என்ன பண்ணிருப்ப?" என்று என்னிடமே கேட்டார். சேவலைச் சமைத்தேன், பசி இருந்தது, தின்றோம். ஆனால் அந்தக் கும்பிடு எனக்குச் செரிக்கவில்லை. அவர் சாகிறவரை ஒரு காலை இழுத்துக்கொண்டு காவல் வேலை பார்த்தார், நான் அடுப்பை மூட்டிக் கடை வைத்தேன், உன்னை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நீயாவது யார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்து நிற்கக்கூடாது என்று அனுப்பினேன். நீ இப்போது கும்பிடுவதில்லைதான். கும்பிட வேண்டிய ஆட்களைத் தயார் செய்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாக்கியத்துக்கு மனு எழுதிக் கொடுத்த கிள்ளான் பெரியவர் நிதானமாக எல்லாம் விளக்கினார். தன் இஷ்டத்துக்கு வழியில் வருகிறவனுக்கு அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் இந்த வண்டியில்தான் ஏறி வரவேண்டும் என்று முதலாளி கட்டளை போட்டிருந்தால், ஏறின நிமிஷத்திலிருந்தே அது வேலைதான். ஆகவே எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. கட்டளை இருந்ததா, இல்லையா? எழுத்தில் எதுவும் கிடையாது, துரைமார் அப்படிப்பட்டதை எழுதி ஒட்டமாட்டார்கள். வாயால் சொன்னார்கள். துரை சொன்னது பெரிய கிராணியிடம், பெரிய கிராணி சொன்னது உன்னிடம், நீ சொன்னது லயத்து ஜனங்களிடம். ஆட்கள் சாட்சி சொன்னால், கூலிக்காரக் கூட்டம், ஒன்றாகச் சேர்ந்து பேசுகிறார்கள் என்று தள்ளிவிடுவார்கள். கிராணி சொன்னால் தள்ளமுடியாது. அதனால்தான் அவள் மனுவில் உன் பேரைச் சாட்சியாகப் போட்டிருக்கிறாள். உன்னைக் கெடுக்க அல்ல. நீ சொல்வாய் என்று நம்பினாள்.

நீயோ என்ன எழுதுகிறாய்? 'நான் பொய் சொல்லமாட்டேன் அம்மா, ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லிவிடுவேன்.' இதை எழுதும்போது உன் பேனா கொஞ்சமாவது தடுமாறியிருக்கும் என்று எழுத்தை உற்றுப் பார்த்தேன். முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். பேர்ப் புத்தகத்தைத் திறக்காமலே அத்தனை ஆட்களையும் வரிசை மாறாமல் கூப்பிடுகிறவன் நீ. சின்ன வயதில் யார் உன் பம்பரத்தை எடுத்தான் என்பதை வருஷக் கணக்கில் மறக்காதவன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சட்டைக்கு எந்தக் கடையில் என்ன துணி என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது. நீயே நின்று சொன்ன ஒரு வார்த்தை மட்டும் ஞாபகமில்லை. பொய் சொல்கிறவனுக்காவது ஒரு துணிச்சல் வேண்டும். ஞாபகமில்லை என்கிறவனுக்கு அதுவும் வேண்டியதில்லை.

சரி, உனக்கு ஞாபகமில்லாததை நான் சொல்கிறேன். நீ மறந்தது ஒன்று உண்டு. மேருக் காட்டுக்கு லோரி விடத் தொடங்கியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டில் இருந்தேன். முறுக்குப் பிழிந்து எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்திருந்தேன். சாயங்காலம் நீ சட்டையை மாட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் கிளம்பினாய், காற்றுவாக்கில் நடந்துவிட்டு வரலாம் என்று நானும் பின்னாலேயே வந்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, மணி அடிக்கச் சொல்லி, ஜனங்களைக் கூட்டினாய். அப்புறம் சொன்னாய்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைலேருந்து மேருக் காட்டுக்கு லோரியிலதான் வரணும். குறுக்கு வழியில நடந்து வந்து நேரம் கழிச்சி நின்னா பேர் கிடையாது. இது துரை உத்தரவு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

கூட்டத்திலிருந்து பாக்கியம்தான் கேட்டாள். "தம்பி, அந்தப் பாலம் ஆடுதே. நாங்க நடந்தே சீக்கிரமா வந்துடறோமே."

"நடந்து வந்தா பேர் இல்லன்னு சொன்னேனே, காதுல விழலியா?"

இதுதான் நீ சொன்னது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று நான் குழாயடியில் நின்று உன் குரலைக் கேட்டுப் பூரித்துப்போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளை பேசினால் இத்தனை பேர் வாய் மூடி நிற்கிறார்களே என்று இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம் இவன் என் மகன் என்றுகூடச் சொன்னேன்.

இதை நான் விசாரணையில் சொல்லப்போகிறேன் என்று பாக்கியத்திடம் சொன்னபோது அவள் என் காலைப் பிடிக்க வந்தாள். "வேணாக்கா. தம்பிக்குக் கல்யாணம் நின்னுரும். நான் கப்பலேறிடறேன். ஊருல எங்கண்ணன் இருக்கான், ஒரு வாய் சோறு போடமாட்டானா?" என்றாள். நன்றாகத் திட்டினேன். கையைக் கெடுத்தவர்களுக்கே பாவம் பார்க்கும் இந்தப் புத்தி இருக்கிற வரைக்கும் உங்கள் பாலத்துக்குப் புதுப் பலகை வரப்போவதில்லை. அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழவில்லை. யோசித்துப் பார், உன்னால் பிழைப்பு போனவள் உன் கல்யாணம் நிற்கக்கூடாது என்று கப்பலேறத் தயாராக இருக்கிறாள். உன் கல்யாணம் நிற்கக்கூடாது என்று நீ அவளைக் கப்பலேற்றப் பார்க்கிறாய். இருவருக்கும் ஒரே கவலைதான். எனக்கு அவளைப் பார்த்தால் கோபம் வருகிறது, உன்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு வலிக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன். அந்தப் பெண் அவள் அப்பா பேசியதைக் கேட்டு வெட்கப்பட்டாள் என்று சொன்னேன் அல்லவா, நாளைக்கு உன் பேச்சைக் கேட்டும் அவள் அப்படித் தலை குனியும்படி வைத்துக்கொள்ளாதே. வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று பயந்தால், நீக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடைக் கணக்கு எழுதவாவது இடம் கிடைக்கும், அதுவும் கிடைக்காவிட்டால் என் கடையில் மாவாட்ட ஆள் தேவைப்படுகிறது. கல்யாணம் நின்றால், உண்மை சொன்னதற்காக நிற்கிற கல்யாணம் நின்றுபோவதே நல்லது. அந்தப் பெண்ணுக்கு இஷ்டமிருந்தால் அவள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வழி கேட்டு வருவாள்.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் நானும் பாக்கியமும் கிள்ளானுக்கு வருகிறோம். மனு எழுதிய பெரியவர் சொன்னபடி உன்னைத்தான் முதலில் உள்ளே கூப்பிடுவார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளதைச் சொல்லிவிட்டால் என்னைக் கூப்பிட வேலையே இருக்காது, மூன்று பேரும் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஞாபகமில்லை என்று சொன்னால் அடுத்த ஆள் நான். கதவைத் திறந்து என்னை நிறுத்தி, சத்தியம் வாங்கிக்கொண்டு, உன்னைக் கைகாட்டி, இவன் உனக்கு யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லும்படி செய்துவிடாதே.

அம்மா